எப்பிங் காடு: லண்டன் ஓரத்தில் இவ்வளவு பெரிய காடு எப்படி மிஞ்சியது?

ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கும் ஒருவர், பிள்ளைகள் வளர்ந்துவருவதால் லௌட்டன் பக்கம் வீடு வாங்க யோசிக்கிறார். அவருடைய கேள்விகள் இவை: "அங்கே எப்பிங் ஃபாரஸ்ட் என்கிறார்களே, அது நிஜக் காடா, பெரிய பூங்காவா? யாருக்குச் சொந்தம்? வீட்டை வாங்கிய பிறகு காட்டை அழித்து ஃபிளாட் கட்டிவிட்டால் என்ன செய்வது? சின்னப் பிள்ளைகளோடு உள்ளே போகலாமா?"

நிஜக் காடுதான். அதை அழித்து ஃபிளாட் கட்ட வேண்டுமானால் முதலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தையே மாற்றியாக வேண்டும். பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் காட்டைப் பார்க்க லௌட்டன் வரை போக வேண்டியதில்லை. அதன் தென்கோடி மேனர் பார்க்கில் இருக்கிறது. மேனர் பார்க் முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய புல்வெளியைப் பார்த்திருப்பார்கள். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற அந்த வெளி சட்டப்படி எப்பிங் காட்டின் ஒரு பகுதி. அங்கே ஆரம்பித்து லேட்டன்ஸ்டோன், வால்தம்ஸ்டோ ஓரமாக ஒடுங்கி, சிங்ஃபர்டில் அகன்று, லௌட்டன், தேய்டன் பாய்ஸ் தாண்டி எப்பிங் ஊருக்கு வடக்கே போய் முடிகிறது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அகலம் எந்த இடத்திலும் 4 கிலோமீட்டரைத் தாண்டாது. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,400 ஹெக்டேர். லீ ஆற்றுக்கும் ரோடிங் ஆற்றுக்கும் நடுவே ஓடும் மேட்டின் மேல் இது கிடக்கிறது. அடியில் லண்டன் களிமண், உச்சியில் சரளையும் மணலும். விவசாயத்துக்கு அவ்வளவாக உதவாத இந்த மண்ணும் காடு நிலைத்ததற்கு ஒரு காரணம்.

ஆனால் மண் மட்டும் காப்பாற்றியிருக்காது. பக்கத்திலேயே இருந்த ஹெய்னால்ட் காட்டின் கதையைப் பாருங்கள். அதுவும் இதே மாதிரி அரச வேட்டைக்காடு. 1851-இல் அதன் காட்டு அந்தஸ்தை ஒரு சட்டம் நீக்கியது. சில வாரங்களுக்குள் பெரும்பகுதி மரங்களை வேரோடு பெயர்த்து உழவு நிலமாக்கிவிட்டார்கள். இன்று ஹெய்னால்ட் என்று நாம் போய்ப் பார்ப்பது மிஞ்சிய ஒரு துண்டும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களுக்காக மீட்டு எடுத்த நிலமும்தான். எப்பிங்குக்கும் அதே கதி நடந்துகொண்டிருந்தது. ரயில் வந்துவிட்டது, லண்டன் வீங்கிக்கொண்டிருந்தது, வேலி போட்டு மனை பிரித்தால் லாபம். 1870 வாக்கில் திறந்த காடு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியிருந்தது.

அது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து மான் வேட்டையாடும் உரிமை அரசருடையது. சிங்ஃபர்டில் எட்டாம் ஹென்றிக்காக 1543-இல் கட்டிய மரக்கட்டடம் இன்றும் நிற்கிறது. வேட்டையை மேலிருந்து பார்ப்பதற்கான மாடி அது, இப்போது எலிசபெத் ராணியின் வேட்டை மாளிகை என்று பெயர். மண்ணோ அந்தந்த ஊர் நிலப்பிரபுக்களின் சொத்து. இந்த இரண்டுக்கும் கீழே, அதே நிலத்தில் மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் ஊர் மக்களுக்கு உரிமை இருந்தது. ஒரே நிலத்தின் மேல் மூன்று அடுக்கு உரிமை. நிலப்பிரபுக்கள் அரசரின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். மேய்ச்சல் உரிமையும் விறகு உரிமையும்தான் வழியில் குறுக்கே நின்றன.

லௌட்டனில் தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி இருந்தார். அந்த ஊர் மக்களுக்கு நவம்பர் 11 நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரை காட்டு மரங்களின் கிளைகளை வெட்டி விறகாக்கும் பழைய உரிமை உண்டு. நள்ளிரவு அடித்தவுடன் யாராவது போய் முதல் கிளையை வெட்ட வேண்டும், ஒரு வருஷம் தவறினாலும் உரிமை போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. அதைத் தவறவைக்க, ஒரு நவம்பர் 11 இரவு ஊராரை விருந்துக்குக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார்களாம். வில்லிங்கேல் மட்டும் சுதாரித்து எழுந்துபோய், வெட்டிய கிளையோடு விருந்துக்கே திரும்பி வந்தார் என்று லௌட்டனில் இன்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அதற்குப் பிறகு நடந்தது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. நிலப்பிரபுவும் ஊர்ப் பாதிரியாருமான ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட் 1860-களில் 1,300 ஏக்கர் அளவுக்குக் காட்டை வேலியிட்டார். வில்லிங்கேல் குடும்பத்தார் வேலியைப் பொருட்படுத்தாமல் போய் வெட்டினார்கள். அபராதம் கட்ட மறுத்ததால் 1866-இல் அவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். வில்லிங்கேல் வழக்குத் தொடுத்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் பொதுநிலங்களைக் காக்க லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தது. பின்னாளில் நேஷனல் டிரஸ்டை நிறுவியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில்லும் அந்தச் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். சங்கம் வில்லிங்கேலுக்குப் பக்கபலமாக நின்றது. 1870-இல் அவர் இறந்ததும் வழக்கும் நின்றுபோனது.

அப்புறம் வந்தது எதிர்பாராத ஒரு கட்சிக்காரர்: சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன். இது பெருநகர லண்டனின் நிர்வாகம் அல்ல. வங்கிகள் இருக்கும் அந்தச் சதுர மைலை மட்டும் ஆளும் பழைய அமைப்பு. காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு கல்லறைத் தோட்டம். சதுர மைலுக்குள் இறந்தவர்களைப் புதைக்க இடமில்லாமல் போனதால் மேனர் பார்க் பக்கத்தில் ஒரு பண்ணையை வாங்கி, 1856-இல் சிட்டி ஆஃப் லண்டன் கல்லறையைத் திறந்தார்கள். அந்தப் பண்ணையோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கும்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. 1871-இல் அந்த உரிமையை வைத்துத்தான் நிலப்பிரபுக்கள் மேல் வழக்குப் போட்டார்கள். வாதம் இதுதான்: காட்டு எல்லைக்குள் இருக்கும் எந்த ஊர்க்காரரின் மாடும் காடு முழுக்க மேயலாம், ஆகவே ஒரு ஊரின் நிலப்பிரபு தன் ஊர்க்காரர்களைச் சரிக்கட்டிவிட்டு வேலி போடுவது செல்லாது. மாட்டுக்கு ஊர் எல்லை தெரியாது என்ற எளிய உண்மையைச் சட்ட வாதமாக்கினார்கள். அதே வருஷம் ஜூலையில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் கிழக்கு லண்டன் உழைக்கும் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், அங்கே போட்டிருந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். 1874 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் கார்ப்பரேஷன் பக்கம் தீர்ப்பளித்தார். 1851-க்குப் பிறகு போட்ட வேலிகள் சட்டவிரோதம் என்றானது.

1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு கார்ப்பரேஷனின் பொறுப்பில் வந்தது. அதை எப்போதும் வேலியில்லாமல், கட்டடமில்லாமல், மக்கள் பொழுதுபோக்கத் திறந்து வைக்க வேண்டும், முடிந்தவரை அதன் இயல்பான தோற்றத்தைக் காக்க வேண்டும் என்று எழுதினார்கள். மாடு மேய்க்கும் உரிமை உள்ளவர்கள் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் நான்கு வெர்டரர்கள் இன்றும் நிர்வாகக் குழுவில் உட்காருகிறார்கள். 1882 மே 6 அன்று விக்டோரியா ராணி ரயிலில் சிங்ஃபர்டுக்கு வந்து, காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற இடத்தில், என்றென்றைக்கும் மக்கள் அனுபவிக்க என்று இந்தக் காட்டை அர்ப்பணித்தார். படங்களில் ராணிதான் இருக்கிறார். என் மனதில் இந்தக் காடு வில்லிங்கேலுடையது.

இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால் இரண்டு உதாரணம் போதும். எம்25 நெடுஞ்சாலை காட்டின் வடகோடியைக் கடந்தாக வேண்டியிருந்தபோது, பெல் காமனில் அதைச் சுரங்கமாக நிலத்துக்கடியில் கொண்டுபோனார்கள். மேலே கிரிக்கெட் மைதானம், கீழே லாரிகள். 2012 ஒலிம்பிக்ஸின்போது போலீஸுக்கு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் சில மாதங்களுக்குத் தற்காலிக முகாம் தேவைப்பட்டது. அதற்கே 1878 சட்டத்தில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. தேசமே எதிர்பார்த்துக் காத்திருந்த நிகழ்ச்சிக்கே அந்த நிலை என்றால், ஒரு பில்டருக்கு என்ன வழி இருக்கிறது?

சரி, உள்ளே போனால் என்ன இருக்கிறது? பெரும்பாலான இணையப் பக்கங்கள் "பழமையான இயற்கைக் காடு" என்று எழுதிவிட்டுப் போய்விடும். பழமையானது, உண்மை. ஆனால் இது மனிதர்கள் வெட்டி வெட்டி வளர்த்த காடு. ஹை பீச்சில் ஏதாவது ஒரு பெரிய பீச் மரத்தடியில் நின்று பாருங்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரைதான் அடிமரம் ஒற்றையாக இருக்கும். அங்கே முட்டியாகப் பருத்து, அதிலிருந்து ஆறோ ஏழோ கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரத்தின் பருமனில், நேராக மேலே போகும். அந்த முட்டிதான் பழைய அரிவாள் விழுந்த இடம். தரையோடு வெட்டினால் துளிரை மானும் மாடும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் தலையை வெட்டி, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கவாத்து செய்து, விறகு எடுத்தார்கள். இங்கே பொல்லார்டு என்பார்கள். இப்படி வெட்டுப்படும் மரம் சீக்கிரம் சாகாது, மாறாக வெட்டாத மரத்தைவிடப் பல நூறு வருஷம் கூடுதலாக வாழும். தலை கனம் ஏறுவதில்லை, காற்றில் சாய்வதில்லை. ஹார்ன்பீம், பீச், ஓக் என்று இப்படிப்பட்ட முதிய மரங்கள் எப்பிங்கில் 50,000-க்கும் மேல் இருக்கின்றன. பிரிட்டனில் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாக இவற்றைப் பார்ப்பது அரிது.

அந்த முட்டிகளை நெருங்கிப் பார்க்க வேண்டும். கிளை முறிந்த பொந்தில் மழைநீர் தேங்கி, மரப்பட்டையில் கறுப்புக் கோடாக வழிந்திருக்கும். அந்தக் கோட்டின் விளிம்பில் சில மரங்களில் ஒரு குட்டிப் பாசி வளர்கிறது, ஸைகோடான் ஃபார்ஸ்டெரி என்று பெயர். பிரிட்டனில் இங்கும், பர்ன்ஹாம் பீச்சஸிலும், நியூ ஃபாரஸ்டிலும்தான் அதற்கு வாழ்விடம். ஒரு விரல் நகம் அளவுக்குப் பச்சை, அவ்வளவுதான். உள்ளே உளுத்துப்போன மரத்தில் நூற்றுக்கணக்கான வண்டு இனங்கள் வாழ்கின்றன. கலைமான் கொம்பு மாதிரித் தாடை உள்ள ஸ்டாக் வண்டு மக்கிய மரத்தில் பல வருஷம் புழுவாகவே இருந்துவிட்டு, கோடையில் சில வாரம் மட்டும் வெளியே பறக்கும். ஜூன் மாத அந்தியில் காட்டு ஓரத் தெருக்களிலேயே பார்க்கலாம். மிதித்துவிடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தக் காட்டில் என்னை மிகவும் வருத்தும் விஷயமும் இந்த மரங்களில்தான் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றிய அதே சட்டம் விறகு வெட்டும் உரிமையை முடித்துவைத்தது. லௌட்டன் மக்களுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்த 7,000 பவுண்டில்தான் லாப்பிங் ஹால் என்ற பொது மண்டபத்தை 1884-இல் திறந்தார்கள். ஊர் நடுவில் இப்போதும் இருக்கிறது, வாசல் ஒன்றின் மேல் விறகு வெட்டுகிறவர்களின் சுடுமண் சிற்பத்தைப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். கோடரி படாமல் விட்டால் காடு அழகாகும் என்பது அந்தக் காலத்து எண்ணம். நூறு வருஷத்துக்கு மேல் வெட்டாமல் விட்டதில் கிளைகள் பருத்து, முதிய அடிமரங்கள் தாங்க முடியாமல் நடுவில் பிளக்க ஆரம்பித்தன. மேலே இலை கூரையாக மூடிக்கொண்டதால் தரைக்கு வெயில் வரவில்லை. ஹெதர் புதரும் புல்வெளியும் அவற்றை நம்பிய வண்ணத்துப்பூச்சிகளும் சுருங்கின. 1996-இல் மேட் கவ் (பிஎஸ்இ) எனும் மாட்டு நோய் நெருக்கடியில் மேய்ச்சலும் நின்றது. அதுவரை வான்ஸ்டெட் தெருக்களில் மாடு திரிவது சாதாரணம்.

இப்போது இரண்டையும் மெல்லத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். ஹார்ன்பீம் மறுபடி வெட்டுவதைத் தாங்கும். முதிய பீச்சை ஒரேயடியாக வெட்டினால் செத்துவிடும், பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கனத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே காட்டில் யாராவது ரம்பத்தோடு பழைய மரத்தின் தலையை வெட்டுவதைப் பார்த்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் அந்த மரத்தைக் காப்பாற்றத்தான் வெட்டுகிறார்கள். நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு மேய்கின்றன. மேய வேண்டிய எல்லையை மேப்பில் வரைந்துவிடுகிறார்கள், எல்லை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும். வேலி போடக் கூடாது என்ற 1878 சட்டத்தோடு இந்த ஏற்பாடு அழகாகப் பொருந்துகிறது.

மரங்களை வெட்டாமல் விட்டதைவிட இன்றைக்குப் பெரிய ஆபத்து காற்றில் வருகிறது. காட்டின் நடுவே வேக் ஆர்ம்ஸ் ரவுண்டானாவில் பல சாலைகள் சேர்கின்றன. நெரிசல் நேரத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் புகையிலுள்ள நைட்ரஜன் மண்ணில் இறங்குகிறது. ஏழை மண்ணுக்குப் பழகிய மரங்களுக்கும், வேரோடு சேர்ந்து வாழும் காளான்களுக்கும், லைக்கன்களுக்கும் அது உரமாக இல்லாமல் நஞ்சாக முடிகிறது. எங்கே வீடு கட்டலாம் என்று வகுக்கும் எப்பிங் ஃபாரஸ்ட் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம் 2023 வரை இழுத்ததற்கு இந்தக் காற்று மாசுப் பிரச்சினை ஒரு முக்கியக் காரணம். சுற்றிலும் புது வீடுகள் கூடக்கூட வண்டிகளும் கால்களும் கூடும். அதனால் காட்டிலிருந்து 6.2 கிலோமீட்டருக்குள் புது வீடு கட்டுகிறவர்கள் காட்டுப் பராமரிப்புக்குப் பங்கு செலுத்தும் முறை வந்திருக்கிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் "பின்பக்கம் கிரீன் பெல்ட்" என்று சொன்னால் அதைக் காடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாவட்டத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கிரீன் பெல்ட்தான். அது வெறும் திட்டமிடல் வகைப்பாடு, நிலம் தனியாருடையதாக இருக்கலாம், உள்ளூர்த் திட்டம் மாறினால் அங்கே வீடுகள் வரலாம். 1878 சட்டத்துக்குள் வரும் காட்டு நிலம் வேறு ரகம். காட்டுக்கு வெளியே கார்ப்பரேஷனே வாங்கி வைத்திருக்கும் அரண் நிலங்களும் 700 ஹெக்டேருக்கு மேல் உண்டு. உங்கள் வேலிக்குப் பின்னால் இருப்பது இவற்றில் எது என்று வக்கீலிடம் மேப்பை வைத்துக் கேட்டுவிடுங்கள். காட்டை ஒட்டி வீடு அமைந்தால், தோட்டக் குப்பையை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளுவது கூடவே கூடாது. வீட்டுச் செடிகள் அங்கே பரவினால் களையெடுக்க முடியாது. தேய்டன் பாய்ஸ் பிடித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊர் தெருவிளக்கே வேண்டாம் என்று முடிவெடுத்த ஊர். நட்சத்திரம் நன்றாகத் தெரியும், டார்ச் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

பிள்ளைகளோடு போவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. விஷப்பாம்பான ஆடர் அபூர்வமாக உண்டு, ஆள் சத்தம் கேட்டால் விலகிவிடும். கவனிக்க வேண்டியது உண்ணி. புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காது ஓரம் பாருங்கள். கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை களிமண் கணுக்காலைப் பிடித்து இழுக்கும், கம்பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். இலையுதிர் காலத்தில் காளான் கண்ணைப் பறிக்கும். பறிப்பது குற்றம், வழக்குப் போடுகிறார்கள். நெருப்பு மூட்டுவதும் பார்பிக்யூவும் கூடாது. 2018 ஜூலையில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் பற்றிய புல் தீயை அணைக்க 200-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வேண்டியிருந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அந்த வெளியில் சில இடங்களைக் கயிறு கட்டி மறைத்திருப்பார்கள். வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம் அது, உள்ளே ஓடாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில பேர் கயிறைத் தாண்டி நாயை விடுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். மிஞ்சியிருப்பதே சில ஜோடிகள்.

முதல் தடவைக்கு சிங்ஃபர்ட் வழியைச் சொல்வேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்தோ வால்தம்ஸ்டோ சென்ட்ரலிலிருந்தோ ஓவர்கிரவுண்ட் ரயிலில் கடைசி நிறுத்தம். இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஹென்றியின் மரமாளிகை, அங்கிருந்து புல்வெளி வழியாகக் கீழிறங்கினால் கனாட் வாட்டர் ஏரி. தள்ளுவண்டி போகும்படி ஏரியைச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் நவம்பர் முதல் வாரம் லௌட்டன் ஸ்டேஷனில் இறங்கி ஹை பீச் வரை ஏறுங்கள், பீச் இலை செம்பு நிறமாக மாறியிருக்கும் வாரம் அது. வழியில் லௌட்டன் கேம்ப் என்ற இரும்புக் காலத்து மண்கோட்டை வரும், மரங்களுக்கு நடுவே வட்டமான மேடும் பள்ளமும்தான் தெரியும். செல்போன் சிக்னல் உள்ளே அடிக்கடி போய்விடும் என்பதால் மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேனர் பார்க்கில் தொடங்கி எப்பிங் வரை ஒரே நாளில் நடக்க விரும்பினால், சட்டத்தின் நூற்றாண்டுக்காக 1978-இல் உருவாக்கிய சென்டினரி வாக் இருக்கிறது, சுமார் 24 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்கு முன் எப்பிங் ஸ்டேஷனில் சென்ட்ரல் லைன் பிடித்துவிடலாம்.